ஊரை விட்டு மகன் வீட்டுக்கு வந்த அத்தை: அவர் செபமாலைக்கு மறுபாதி சொல்ல ஆள் வேண்டும்

கேள்வி இது. தருமபுரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஐம்பது வருஷம் குடித்தனம் செய்த கத்தோலிக்க மாமியார், மாமனார் இறந்தபின் ஓசூரில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஆறாவது மாடி. கேட்பவர் மருமகள், வேறு மதத்தில் பிறந்தவர். "சாப்பாடு, மாத்திரை, எதுலயும் குறை வைக்கல. ஆனா அத்தை பேச்சையே குறைச்சுட்டாங்க. சாயங்காலமானா பால்கனியில போய் உட்கார்ந்துடறாங்க. அவங்க பக்தி எங்களுக்குப் புரியல. என்ன செஞ்சா அவங்களுக்கு நிறைவா இருக்கும்?"

சாயங்காலம் என்று நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. கோவிலூர், எலத்தகிரி, மத்திகிரி போன்ற பழைய கிறித்தவ ஊர்களிலும், அவற்றைச் சுற்றிய சின்னக் கிளை கிராமங்களிலும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும். மூவேளை செபத்துக்கான மணி. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாலும் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாலும் மணி கேட்டதும் கை நின்றுவிடும், நெற்றியில் சிலுவை போடுவார்கள். பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றி, அடுப்பு மூட்டி, களி கிண்டி இறக்கிய பிறகு ஏழு, ஏழரைக்குச் செபமாலை. உங்கள் அத்தையின் ஒரு நாளைப் பிடித்து நிறுத்தியிருந்த ஆணிகள் இவை. ஆறாவது மாடியில் அந்த மணி இல்லை. அவர் பால்கனியில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அந்த நேரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான்.

மணிக்கு மாற்று எளிது. அவர் கைபேசியில் மூன்று வேளைக்கும் கோயில் மணி ஓசையையே அலாரமாக வைத்துக்கொடுங்கள். அந்தச் செபம் மூன்று நிமிஷம்கூட ஆகாது. உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டரிலிருந்து அதன் ஐம்பதாம் நாளான பெந்தகோஸ்து திருநாள் வரை மட்டும் அதற்குப் பதிலாக "விண்ணக அரசியே, மனம் களிகூரும்" என்ற செபத்தைச் சொல்வார்கள். அந்த வாரங்களில் வார்த்தை மாறினால் அவருக்கு மறதி வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

செபமாலையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு செபமாலையில் 59 மணிகள். அதில் 53 மணிகளுக்கு அருள் நிறை மந்திரம், 6 மணிகளுக்குப் பரலோக மந்திரம். அதனால்தான் ஊரில் 'ஐம்பத்து மூன்று மணிச் செபம்' என்கிறார்கள். பாடுபட்ட சுரூபத்தை, அதாவது இயேசு அறையப்பட்ட சிலுவையை, கையில் பிடித்து விசுவாச மந்திரத்தில் தொடங்குவார்கள். ஒரு பரலோக மந்திரம், பிறகு விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்றையும் கேட்டு மூன்று அருள் நிறை. அதன்பின் பத்துப் பத்தாக ஐந்து முறை. ஒவ்வொரு பத்துக்கும் இயேசு, மாதாவின் வாழ்விலிருந்து ஒரு காட்சியைத் தியானிப்பார்கள், தேவ இரகசியம் என்பது அதுதான். திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை. வியாழனுக்கான ஒளியின் இரகசியங்களை 2002இல்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தார். வயதான பெண்களில் சிலர் வியாழனன்றும் பழைய வழக்கப்படி மகிழ்ச்சியையே சொல்வார்கள், திருத்த வேண்டியதில்லை. ஐந்து பத்து முடிக்க இருபது நிமிஷம், மாதா பிரார்த்தனையும் சேர்த்தால் அரை மணி.

இதில் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அருள் நிறை மந்திரம் ஒருவர் சொல்லி முடிக்கிற செபம் அல்ல. முன்பாதியை ஒரு பக்கம் சொல்ல, பின்பாதியை இன்னொரு பக்கம் சொல்லும். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று மாமனார் எடுத்தால், "புனித மரியே, இறைவனின் தாயே" என்று இவரும் பிள்ளைகளும் முடித்திருப்பார்கள். ஐம்பது வருஷமாக ஒரு நாளைக்கு 53 தடவை பதில் சொன்ன வாய் அது. இப்போது முன்பாதியும் பின்பாதியும் அவரே சொல்ல வேண்டியிருக்கிறது. கணவர் இல்லாததை வேறெங்கும்விட அந்த இடத்தில்தான் அவர் கேட்கிறார். தனியாக உதடு அசைத்து முடித்துக்கொள்கிறவரைப் பார்த்து "அத்தை நிம்மதியாத்தான் ஜெபம் பண்றாங்க" என்று வீட்டார் நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிற பிழை.

ஆகவே முதல் வேலை, மறுபாதி சொல்ல ஒரு குரல். மகன் வீட்டில் இருக்கிற நாளில் மகன், இல்லாத நாளில் பேரப்பிள்ளைகள். மனசாட்சிக்குச் சம்மதம் என்றால் நீங்களும் சொல்லலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை. சம்மதம் இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாலும் போதும், ஆனால் அந்த இருபது நிமிஷம் டி.வி. ஓடக் கூடாது. தினமும் முடியாவிட்டால் ஒரு பத்து மணி மட்டும் சேர்ந்து சொல்லுங்கள். ஊரில் இருக்கும் அவர் தங்கையோ பக்கத்து வீட்டுக்காரரோ செபம் சொல்லும்போது ஸ்பீக்கரில் போட்டுச் சேர்ந்துகொள்ளும் வழியும் உண்டு. அதில் ஒரு சிக்கல்: போனில் குரல் கொஞ்சம் தாமதமாக வரும், கூட்டமாகப் பதில் சொன்னால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். ஊரில் ஒருவர் மட்டும் முன்பாதி சொல்ல, இங்கே இவர் மட்டும் பின்பாதி சொல்ல, மற்றவர்கள் போனிலிருந்து தள்ளி உட்கார்ந்தால் சீராகப் போகும்.

வார்த்தைகளையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அத்தைக்கு எழுபது தாண்டியிருந்தால் அவர் சின்ன வயதில் பூசை, அதாவது கோயிலில் சாமியார் நடத்தும் திருப்பலி, இலத்தீனில் நடந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் தமிழுக்கு வந்தது. வீட்டுச் செபங்களோ அதற்கும் முன்பிருந்தே தமிழ்தான், பழைய தமிழ். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்றும் "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்றும் அவர் சொன்னால் அது தப்பு அல்ல, தாயிடம் கற்றது. இராயப்பர் என்றால் பேதுரு, சின்னப்பர் என்றால் பவுல், அருளப்பர் என்றால் யோவான், சூசையப்பர் என்றால் யோசேப்பு. 'நன்மை வாங்கணும்' என்றால் திவ்விய நற்கருணை, அதாவது பூசையில் தரும் அப்பத்தைப் பெற வேண்டும் என்று பொருள். இப்போதைய புத்தகத்தைக் கையில் கொடுத்து "இப்படிச் சொல்லுங்க" என்று பேரப்பிள்ளை திருத்தினால் அவர் சத்தமாகச் செபிப்பதையே நிறுத்திவிடுவார். மாறாக, பேரப்பிள்ளை அவரிடமிருந்து பழைய பாடத்தைக் கற்றுக்கொள்ளட்டும். மறதி நோய் வந்தவர்கள்கூட பிள்ளைகளின் பெயரை மறந்த பிறகும் இந்தச் செபங்களை வரிசை தப்பாமல் சொல்வதுண்டு.

அடுத்தது செபம் செய்ய ஒரு இடம். உங்கள் வீட்டில் ஏற்கெனவே பூஜை அறை இருந்தால் அதிலேயே மாதா படத்தையும் வைத்துவிட்டோம் என்று இருக்காதீர்கள். நல்ல மனதோடு செய்ததுதான், ஆனாலும் அவரிடம் கேட்காமல் செய்தால் அவரால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, அங்கே மனம் ஒன்றிச் செபிக்கவும் முடியாது. அவர் அறையிலேயே ஒரு சின்னப் பலகை போதும். நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் உயரம், தரையிலிருந்து நாலடிக்குள். பாடுபட்ட சுரூபம், திரு இருதய ஆண்டவர் படம், மாதா சுரூபம், தீர்த்தப் பாட்டில், அவருடைய பழைய செபப் புத்தகம். புதிதாக வாங்கினால் பங்குச்சாமியாரிடம், அதாவது உங்கள் பகுதிக் கோயிலின் பாதிரியாரிடம், கொடுத்து மந்திரித்து வாங்குங்கள். முடிந்தால் ஊர் வீட்டுச் சுவரில் இருந்த அதே படத்தைக் கொண்டுவந்துவிடுங்கள். மெழுகுவர்த்திப் புகை ஏறி ஓரம் பழுத்த கண்ணாடிப் படம் உங்களுக்கு அழுக்காகத் தெரியலாம். அவர் பிரசவத்துக்குப் போகும்போதும் பிள்ளை பரீட்சைக்குப் போகும்போதும் முன்னால் நின்று கும்பிட்ட படம் அதுதான், புதுசு அந்த இடத்துக்கு வராது.

மெழுகுவர்த்தியில் ஒரு எச்சரிக்கை. ஊரில் கவிழ்த்த டம்ளர் மேல் இரண்டு சொட்டு மெழுகு விட்டு அதில் வர்த்தியை ஒட்டவைப்பார்கள். அங்கே சிமெண்டுத் தரை. இங்கே திரைச்சீலை, மரப் பலகை, ஆறாவது மாடிக் காற்று. முக்காடு போட்ட நைலக்ஸ் முந்தானை குனியும்போது சுடருக்கு மேல் வரும், அந்தத் துணி பற்றினால் உருகித் தோலோடு ஒட்டும். கண்ணாடிக் கிண்ணத்துக்குள் எரியும் குட்டை வர்த்தியை வாங்கி, அரை அங்குலம் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டில் கிண்ணத்தை வையுங்கள். திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டிவிட்டால் புகையாது. ஆக்சிஜன் வைத்திருக்கும் அறையில் சுடரே கூடாது. அங்கே மட்டும் மின்விளக்கு, காரணத்தைச் சொல்லிவிட்டு. முழங்கால் போடும் பழக்கம் இருந்தால் டைல்ஸ் தரையில் வேண்டாம், ஓசூர்க் குளிரில் தருமபுரி ஆட்களுக்கு மூட்டு பிடித்துக்கொள்ளும். கோரைப்பாயை மடித்துப் போட்டு, எழுந்திருக்கக் கைக்கு ஒரு கனமான ஸ்டூல் வையுங்கள்.

வீட்டைச் சுத்தம் செய்பவரிடம் தவறாமல் சொல்ல வேண்டியது: படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும் காய்ந்த ஓலை குப்பை அல்ல. குருத்து ஞாயிறன்று மந்திரித்த குருத்தோலை அது. வருஷம் முழுக்க அங்கேயே இருக்கும். அடுத்த தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலம், தொடங்கும் முன் கோயிலில் திருப்பிக் கொடுத்தால், அதை எரித்த சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுவார்கள். அறுந்த செபமாலை, உடைந்த சுரூபம் இவற்றையும் குப்பையில் போட மாட்டார்கள். மண்ணில் புதைப்பார்கள் அல்லது கோயிலில் கொடுப்பார்கள்.

இனி பங்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் ஒரே மறைமாவட்டம், அதாவது ஒரே ஆயரின் (பிஷப்பின்) ஆளுகை. 1930இல் உருவான சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997 ஜனவரி 24இல் தருமபுரி பிரிந்தது. ஆகவே ஓசூருக்கு வந்தாலும் அத்தை அதே ஆயரின் கீழ்தான் இருக்கிறார். இதை அவரிடம் சொல்லுங்கள், அந்நியத்தன்மை கொஞ்சம் குறையும். உங்கள் பகுதி எந்தப் பங்கை, அதாவது எந்தக் கோயிலைச் சேர்ந்தது என்று கேட்டு, அந்தக் கோயிலில் குடும்ப அட்டை போட்டு, வீடு மந்திரிக்கச் சாமியாரை அழையுங்கள். அவர் வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போனால் அத்தைக்கு இந்த வீடு தன் வீடாகும். கூடவே எந்த அன்பியம் என்றும் கேளுங்கள். இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்து முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடிச் செபிக்கும் குழு அது. ஒருமுறை உங்கள் வீட்டில் வையுங்கள், சுண்டலும் டீயும் போதும். இங்கே அவருக்குத் தோழிகள் கிடைப்பது கோயிலைவிட அன்பியத்தில்தான்.

கிளை கிராமங்களில் எல்லா ஞாயிறும் பூசை இருக்காது, சாமியார் முறைவைத்துத்தான் வருவார். மற்ற ஞாயிறுகளில் சாமியாருக்கு உதவியாக ஊரில் இருக்கும் உபதேசியார் செபம் நடத்துவார். அவரும் இல்லாத நாளில் இப்படிப்பட்ட அம்மாக்களே பாட்டெடுத்து நடத்துவார்கள். பங்குச்சாமியார் வராத வாரங்களில் ஊர்க் கோயிலைத் தாங்கியவர் இங்கே கடைசி பெஞ்சில் யாருக்கும் தெரியாதவராக உட்கார்ந்திருக்கிறார். பாடகர் குழுவுக்கும் மரியாயின் சேனை என்ற செபக் குழுவுக்கும் அவருடைய பழைய பாடல்களையும் செபங்களையும் சொல்லி அறிமுகம் செய்துவையுங்கள். சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிறு கடனை நிறைவேற்றும், கூட்டம் குறைவு. துணைக்குப் போகும் நீங்கள் உட்காரலாம், நிற்கலாம், பாடலாம். நன்மை வாங்கும் வரிசையில் மட்டும் போகாமல் இடத்திலேயே இருங்கள்.

உடம்பு முடியாத வாரத்தில் பூசை தவறினால் பாவம் இல்லை, திருச்சபைச் சட்டமே அப்படித்தான். ஆனாலும் அவருக்கு உறுத்தும். மாதா டி.வி. பூசை ஆறுதல் தரும், நன்மை தராது. பங்கு அலுவலகத்தில் சொல்லிவைத்தால் சாமியாரோ நற்கருணைப் பணியாளரோ வீட்டுக்கே நன்மை கொண்டுவருவார். பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளி. சின்ன மேசை, வெள்ளைத் துணி, சுரூபம், எரியும் வர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர் தயாராக இருக்கட்டும். வாய் உலர்ந்தவர்களுக்கு அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், சின்னத் துண்டாகக் கேளுங்கள், உடனே தண்ணீர் கொடுங்கள். நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாமல் இருக்கும் விதி வயதானவர்க்கும் நோயாளிக்கும் இல்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினியாகக் காத்திருக்க விடாதீர்கள்.

தவக்காலம் வரும்போதுதான் மருமகளுக்கும் மாமியாருக்கும் உரசல் வரும். ஒருசந்தி என்பது ஒரே வேளை முழுச் சாப்பாடு, சுத்தபோசனம் என்பது கவிச்சி விலக்குவது. சட்டப்படி ஒருசந்தி 18 வயது முதல் 59 வயது நிறையும் வரைதான், அதுவும் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான் கட்டாயம். உங்கள் அத்தைக்கு அது கடமையே அல்ல. ஆனால் நாற்பது நாளும் ஒருசந்தி இருந்து பழகியவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு களியைத் தள்ளி வைப்பார், பதினொரு மணிக்கு வியர்த்துக் கண் இருட்டும். சர்க்கரை மாத்திரையோடு பட்டினி சேர்ந்தால் அதுதான் நடக்கும். நீங்கள் எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டார். பங்குச்சாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி அவரையே சொல்லவையுங்கள், "சாமி சொன்னார்" என்றால் சாப்பிடுவார். அதோடு நிறுத்தாமல், தபசுக்கு வேறொன்றைக் கையில் கொடுங்கள். ஊர் வழக்கமான பிடி அரிசி இதற்கு உகந்தது: ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனிப் பாத்திரத்தில் போடுவது. இரண்டு வேளை போட்டால் நாற்பது நாளில் சுமார் நாலு கிலோ சேரும், பாஸ்குவுக்கு (ஈஸ்டருக்கு) முன் ஏழை வீட்டுக்குப் போகும். வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டிலும் கறி சமைக்காமல் இருந்தால் அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், மனதில் வைத்திருப்பார்.

நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறதா என்று ஒரு நாள் மெதுவாகக் கேளுங்கள். மகனுக்கு வேலை கிடைத்ததற்கோ பேரன் பிறந்ததற்கோ வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருப்பார், கணவர் படுத்ததில் நின்றுபோயிருக்கும். தூக்கம் கெடுக்கும் விஷயம் இது. பயணம் முடியாது என்றால் பங்குச்சாமியார் அந்த நேர்ச்சையை வேறொன்றாக மாற்றித்தர முடியும், அவருக்கு அந்த அதிகாரம் உண்டு. பக்கத்திலேயே போகலாம் என்றால் கிருஷ்ணகிரி பாத்திமா அன்னை கோயில், ஓசூரிலிருந்து ஒரு மணி நேரம்.

வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஊருக்கு அழைத்துப் போங்கள். ஒன்று ஊர்த் திருவிழாவின் தேர்பவனி, இன்னொன்று நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கல்லறைக்கு முந்தின நாளே ஆள் வைத்துப் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிடுங்கள், அன்று காலையில் செய்தால் ஈரத்தில் பூ ஒட்டாது. செவந்தியும் வர்த்தியும் ஓசூரிலேயே வாங்கிக்கொள்ளலாம், ஊரில் அன்று இரட்டை விலை. மாமனார் பெயருக்குப் பூசைக் கருத்து இரண்டு வாரம் முன்பே உபதேசியாரிடம் எழுதிக் கொடுத்தால்தான் பூசையில் பெயர் வாசிப்பார்கள். அந்தப் பெயர் சத்தமாகக் கேட்கப்பட வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அவ்வளவு தூரம் வருகிறார். ஊர்க் கோயில் சந்தாவையும் திருவிழா வரியையும் நிறுத்திவிடாதீர்கள். ஓசூரில் கட்டுகிறோமே என்று விட்டால், நாளைக்கு ஊர்க் கல்லறையில் இடம் கேட்கும்போது பேச்சு வரும்.

ஒருவேளை உங்கள் அத்தை கத்தோலிக்கர் இல்லாமல் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) அல்லது பெந்தகோஸ்து சபையைச் சேர்ந்தவர் என்றால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. சுரூபமும் செபமாலையும் வாங்கிக் கொடுக்காதீர்கள், அது அவரைப் புண்படுத்தும். அங்கே பெரிய எழுத்து வேதாகமம், பாட்டுப் புத்தகம், உபவாச ஜெபம், பாஸ்டரின் வருகை இவைதான் உயிர். பழைய மொழிபெயர்ப்பைத்தான் கேட்பார், அதையே வாங்குங்கள்.

கடைசியாக நோயில்பூசுதல், சாமியார் நோயாளிக்கு மந்திரித்த எண்ணெய் பூசிச் செபிப்பது. பழைய பெயர் அவஸ்தை பூசுதல். அந்தப் பெயரால்தான் மூச்சு இழுக்கும்வரை சாமியாரைக் கூப்பிடப் பயப்படுகிறார்கள். அது சாகிறவர்களுக்கு மட்டுமானது அல்ல. பெரிய ஆபரேஷனுக்கு முன், முதுமையில் தளரும்போது பெறலாம், நோய் திரும்ப வந்தாலோ முற்றினாலோ மறுபடியும் பெறலாம். நினைவு தெளிவாக இருக்கும்போதே அழைத்தால் தன் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனமும் செய்வார், நன்மையும் வாங்குவார். பங்கு எண்ணைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள், இரவு இரண்டு மணிக்குத் தேட வேண்டியிராது. எங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். உங்களுக்குத்தான் கேட்கத் தயக்கம், அவருக்குச் சொல்லத் தயக்கம் இருக்காது. அவர் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியின் அடியில் கட்ட வேண்டிய புடவையும் கையில் சுற்ற வேண்டிய செபமாலையும் மடித்து வைத்திருக்கவும் கூடும். எது என்று காட்டச் சொல்லிப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.